ஆண்டுக்குக் கீழே இருப்பது புள்ளியா, வைரமா? மூன்று நாணயங்களில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

சில்லறைப்பை:
வணக்கம். அப்பா விட்டுச்சென்ற டப்பாவில் இருந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை ஆண்டுவாரியாகவும் மின்ட் (நாணயம் அடிக்கும் ஆலை) வாரியாகவும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டுக்குக் கீழே உள்ள குறிதான் அடையாளம்: மும்பைக்கு வைர வடிவம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இவ்வளவு தெரியும். பெரும்பாலானவற்றைப் பிரித்துவிட்டேன். மூன்று மட்டும் படுத்துகின்றன.

அ) 2001 இரண்டு ரூபாய், பதினொரு பக்கம் உள்ளது. ஆண்டுக்குக் கீழே ஒரு மேடு தெரிகிறது. காலையில் பார்த்தால் வைரம், ராத்திரி பார்த்தால் புள்ளி.

ஆ) 1998 ஒரு ரூபாய், ஸ்டீல். கீழே எதுவும் இல்லை. கொல்கத்தா என்று எழுதிவிடலாமா?

இ) 1985 ஒரு ரூபாய். வைரம் தெளிவாக இருக்கிறது. ஆனால் நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி '1'-க்கு நேர் கீழே இருக்கிறது. மும்பையில் குறி விலகி அடித்துவிட்டார்களா?

நாணயம் விற்பவர் ஒருவரிடம் காட்டினேன். மூன்றையும் பார்த்த வேகத்தில் "நொய்டா" என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழங்காசு:
ஒப்பாதது நல்லதுதான். 'இ'-யை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். நொய்டாவில் நாணயம் அடிக்கத் தொடங்கியதே 1988-இல்தான். 1985 நாணயம் அங்கே பிறந்திருக்க வழியே இல்லை. எந்த நாணயத்திலும் குறியைப் பார்ப்பதற்கு முன் ஆண்டைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அது மும்பையும் இல்லை. அந்தச் சமயத்தில் சில்லறைத் தட்டுப்பாடு, வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள். 1985 ஒரு ரூபாயில் முதல் இலக்கத்துக்குக் கீழே வைரம் இருந்தால் அது பிரிட்டனின் லான்ட்ரிசன்ட் மின்ட்டில் அடித்தது. மும்பை வைரம் ஆண்டின் நடுவில் இருக்கும். அதே 1985-இல் 'எச்' என்ற ஆங்கில எழுத்தோடு வந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் மின்ட். டப்பாவில் இன்னும் 1985 இருந்தால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். குறியின் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இடத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

சில்லறைப்பை:
லான்ட்ரிசன்ட்! இவ்வளவு நாளும் மும்பை வரிசையில் வைத்திருந்தேன். மிக்க நன்றி ஐயா. மற்ற இரண்டும்?

நாணயப்பிரியன்:
'அ'-வைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள் அண்ணா. அழுக்கு போனால் குறி பளிச்சென்று தெரியும்.

பழங்காசு:
தம்பி, தயவுசெய்து வேண்டாம். இரண்டு ரூபாய் செம்புநிக்கல். புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கும், தேய்த்தால் கீறல் விழும். மேலே இருந்த இயல்பான பளபளப்பு போனால் திரும்ப வராது. அழுக்கு ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

சில்லறைப்பை, 'அ'-வுக்கு வருகிறேன். காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாகத் தெரிவது உங்கள் கண் தப்பில்லை, வெளிச்சம் வருகிற திசை மாறுகிறது. அறை விளக்கை அணையுங்கள். நாணயத்தை மேசையில் படுக்க வைத்து, கைவிளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடியுங்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபடி விளக்கை அசைக்காமல் நாணயத்தை மெல்லச் சுற்றுங்கள்.

புள்ளியாக இருந்தால் எப்படிச் சுற்றினாலும் நிழல் பிறை போலவே விழும். வைரமாக இருந்தால் ஏதாவது ஒரு கோணத்தில் நிழலின் ஓரம் நேர்கோடாகும், இன்னும் கொஞ்சம் சுற்றினால் அது முனையில் உடையும். வைரம் தேயும்போது முதலில் போவது மேற்பரப்பும் நான்கு முனைகளும்தான். அதனால் மேலிருந்து பார்த்தால் உருண்டை போல ஏமாற்றும். அடித்தளம் மட்டும் கடைசிவரை நேர்ப்பக்கங்களோடு நிற்கும். உச்சியை விட்டுவிட்டு, மேடு தட்டையான பரப்பைத் தொடும் இடத்தைப் பாருங்கள்.

முடிந்தால் நன்றாகத் தெரிகிற மும்பைக் காசு ஒன்றையும் நொய்டாக் காசு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு ரூபாயாக, பக்கத்து ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது.

சில்லறைப்பை:
நேற்று இரவு ஒரு மணிநேரம் உட்கார்ந்தேன். இடதுபுறம் உருண்டையாகவே இருக்கிறது. ஆனால் விளக்கை வலதுபுறத்திலிருந்து விட்டதும் நீங்கள் சொன்ன நேர்கோடு வந்தது, கீழே ஒரு முனையும் தெரிந்தது. 2000 மும்பைக் காசை வைத்து ஒப்பிட்டேன், அகலமும் பொருந்துகிறது.

பழங்காசு:
அப்படியானால் மும்பைதான். வைரத்தில் ஒரு பக்கம் தேய்ந்து உருளும், புள்ளிக்குத் தேய்மானத்தால் முனை முளைக்காது.

'ஆ'-வில்தான் எனக்குத் தயக்கம். குறி இல்லை என்றால் கொல்கத்தா என்பது விதி. ஆனால் குறி இல்லாததும் குறி தெரியாததும் வேறு வேறு. டையில், அதாவது நாணயத்தில் உருவம் பதிக்கும் அச்சில், குறிக்கான குழியில் எண்ணெய்ப்பசையும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் உலோகம் அந்தக் குழிக்குள் ஏறாது. நொய்டாப் புள்ளி சின்னது, சுலபமாக அடைபடும். அந்தக் காசைப் பார்த்தால் கொல்கத்தா போலவே இருக்கும். இலக்கங்கள் எப்படி இருக்கின்றன? கூர்மையாகவா, மழுங்கியா?

சில்லறைப்பை:
இலக்கங்கள் கூர்மைதான், '8' மட்டும் அடியில் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அதற்குச் சற்றுக் கீழே மங்கலாக ஏதோ மேடு போலத் தெரிகிறது. அடிபட்ட தழும்பாகவும் இருக்கலாம்.

பழங்காசு:
அடிபட்டால் பள்ளம் விழும், பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் உலோகம் பிதுங்கும். அடித்தபோதே வந்தது என்றால் பள்ளம் இல்லாமல் மேடாக மட்டும் இருக்கும். '8' அடியில் மெலிந்திருப்பதும் அதே இடத்தில் டை அடைத்திருந்ததைக் காட்டலாம். இதைக் கொல்கத்தா வரிசையில் வைக்காதீர்கள். தனி உறையில் போட்டு, '1998, குறி ஐயம்' என்று பென்சிலில் எழுதுங்கள். இலக்கங்கள் எல்லாம் முழுமையாகவும், கீழே பரப்பு கண்ணாடி போல மட்டமாகவும் உள்ள இன்னொரு 1998 கிடைத்தால் அதைக் கொல்கத்தா என்று தைரியமாக வைக்கலாம்.

நாணயப்பிரியன்:
புளி விஷயம் புரிந்தது ஐயா, இனி செய்ய மாட்டேன். அந்த லான்ட்ரிசன்ட் காசுக்கு லட்சம் கொடுப்பதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பழங்காசு:
ஒரு பைசாகூடக் கட்டாதே தம்பி. பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. ரிசர்வ் வங்கி இதில் ஈடுபடுவதும் இல்லை, யாருக்கும் இதற்காக அனுமதி கொடுத்ததும் இல்லை.

சில்லறைப்பை:
பென்சிலில் எழுதி உறையில் போட்டாயிற்று. மும்பை வரிசையில் இருந்த மற்ற 1985 காசுகளையும் இப்போது திருப்பிப் பார்த்தேன். இன்னும் இரண்டில் வைரம் '1'-க்குக் கீழே இருக்கிறது, ஒன்றில் 'எச்'. அப்பா இவற்றை எடுத்துவைத்தபோது கவனித்திருப்பாரா என்று தெரியவில்லை. நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன்.