தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் பதினோரு பேர்: என்று போவது, எதில் ஏறுவது?

தண்டையார்பேட்டைவாசி கேட்கிறார்:

சென்ற ஆண்டு காணும் பொங்கலன்று குடும்பத்தோடு சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போய், முன்னால் நின்றவர்களின் பிடரியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்பினோம். இந்த முறை எழுபத்து நான்கு வயதான, முழங்கால் வலியுள்ள என் அம்மா, தங்கை குடும்பம், என் இரு பிள்ளைகள், கல்லூரி நண்பர்கள் இருவர், அவர்களுடைய மனைவியர் எனப் பதினோரு பேர் போவதாக இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ராட்டினம் வேண்டும், நண்பர்களுக்கு அரட்டை வேண்டும், அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டும். இம்மூன்றும் ஒரே மாலையில் கிடைக்க வழியுண்டா?

தேரடி வாசகி:

வழியுண்டு. முதலில் நாளை மாற்றுங்கள். பொங்கலை ஒட்டித் தொடங்கும் பொருட்காட்சி வழக்கமாக எழுபது நாள் அளவுக்கு நடக்கும்போது, விடுமுறை நாளில்தான் போவேன் என்று அடம்பிடிப்பது வீண். பிப்ரவரியில், வார நாளில், பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டு நேரே கிளம்பிவிடுங்கள். 2021 முதல் நம் பக்கத்துக்கும் மெட்ரோ இருப்பதால், தண்டையார்பேட்டையில் ஏறி, வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். அங்கிருந்து அம்மாவையும் உடன் ஒருவரையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடக்கலாம். வழியில், சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மீது 1839 முதல் சிலையாக அமர்ந்திருக்கும், அந்நாளைய சென்னை ஆளுநர் மன்றோவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர் ஏன் இன்னும் கீழே விழவில்லை என்று என் மகன் திடல் வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் டெல்லி அப்பளத்தை நோக்கி ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கும் ஆறு மணிவாக்கில் ராட்சத ராட்டினத்தில் ஏறிவிட வேண்டும். மேலே போய் அது ஒரு கணம் நிற்கும்போது, ஒரு பக்கம் சென்ட்ரல் மணிக்கூண்டும், மறுபக்கம் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு விளக்குக் காட்டிய உயர் நீதிமன்றக் கோபுரமும், அதற்கப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளில் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் விளக்குகளும் தெரியும். நாள்தோறும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மூச்சுத் திணறுகிற நமக்கு, அதே துறைமுகம் அங்கிருந்து அழகாகத் தெரிவது சற்று எரிச்சலாகக்கூட இருக்கும். கொலம்பஸ் கப்பலிலும் ஏறுவதாக இருந்தால் அதையும் சாப்பிடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

காசிமேட்டு மருமகன்:

அம்மாவுக்கு உட்கார இடம் மட்டும் போதும் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விசைப்படகில் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போன என் மாமனாரை இப்படித்தான் ஒரு நாற்காலியில் அமர்த்திவிட்டு, நாங்கள் மரணக் கிணறு பார்க்கப் போனோம். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பதறித் தேடினால், மீன்வளத் துறை அரங்கில் நின்றுகொண்டு, அங்கே வைத்திருந்த மீன்களுள் எது வஞ்சிரம், எது கொடுவா, எதற்கு எந்த வலை என்று முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அரங்கில் பொறுப்பாக இருந்தவரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ராட்டினத்துக்கு அவசரப்படும் நாம் அரசுத் துறை அரங்குகளைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் பெரியவர்களுக்குக் கூட்டம் குறைவான, நின்று பார்க்கத் தக்க இடம் அதுதான்.

இன்னொன்று: பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள். மாமனாருக்கும் வைத்திருக்கலாம் என்று பின்னர் தோன்றியது.

ஒற்றியூர்ப் பழையவர்:

தம்பி, பணம் கொடுத்துச் சுற்றுகிற ராட்டினத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மாசியில் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் பெருவிழா நடக்கிறது. மகிழ மரத்தடியில் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததை நினைவுகூரும் மகிழடி சேவையைக் காண அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். சன்னதித் தெருவில் வளையல், பொரி, பலூன் எல்லாம் உண்டு. நுழைவுச் சீட்டு கிடையாது. உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவும் இல்லை. இரண்டுக்கும் போகலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை.

தண்டையார்பேட்டைவாசி (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி. ஒரு வியாழக்கிழமை போய் வந்தோம். ராட்டினம் முதலில், மிளகாய் பஜ்ஜி பிறகு என்ற ஒழுங்கை என் நண்பன் ஒருவன் மட்டும் மீறினான். அதன் பலனை அவனே அனுபவித்தான். அம்மா துறை அரங்குகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காய்கறி சீவும் கருவி விற்பவரின் முன்னால் முக்கால் மணி நேரம் அமர்ந்துவிட்டார். கேரட்டைப் பூவாகவும் வெள்ளரியைச் சங்கிலியாகவும் அவர் சீவிக்கொண்டே இடைவிடாமல் பேசிய பேச்சுக்கு முன் மரணக் கிணறு ஒன்றுமில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. எங்களுக்கொன்று, தங்கைக்கொன்று என இரண்டு கருவிகள் வாங்கி, மெட்ரோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். விற்றவர் கையில் பூவாக விரிந்த கேரட் எங்கள் வீட்டில் துண்டு துண்டாகத்தான் விழுகிறது. குறை கருவியில் இல்லை, என் மனைவியின் கையில்தான் என்று அம்மா சொல்லிவருகிறார். மாசி விழாவுக்கு அடுத்த வாரம் போகிறோம்.