கர்ணன் குந்தியிடம் கேட்ட வரம்

நாடகத்தில் தாய்க்கும் மகனுக்கும் உள்ள மனக்கசப்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது, செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்த கர்ண மோட்சம் கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா, பகலில் பாரதப் பிரசங்கம், இரவு விடிய விடியக் கூத்து. வழக்கமாகக் கூட்டம் காத்திருப்பது கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் செய்யும் தர்க்கத்துக்கு. அன்றைக்கு அந்தக் குழு குந்தி வரும் கட்டத்தையும் நன்றாக விரித்து ஆடியது.

குந்தி வேடம் கட்டியவர் வயதான ஆண். ‘மகனே’ என்று அவர் கூப்பிட்டதும் என் பக்கத்தில் இருந்த பாட்டி, “இம்மா நாளு எங்க இருந்தா இவ?” என்றார். கர்ணன் மனதில் இருந்ததும் அதுதான், ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை. ஓர் ஆடையைக் கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னான். அவனைப் பெற்றதாகப் பொய் சொல்லி வந்த பெண்களை அந்த ஆடை எரித்துவிட்டது என்பது வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தின் கதை. குந்திக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்தும் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தவன் அவன். பெற்றவளிடம் மட்டும் சான்று கேட்கிறான். அந்த இடத்தில்தான் எனக்கு அவனுடைய காயம் புரிந்தது.

அப்புறம் வரங்கள். நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடக்கூடாது, அருச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்லக்கூடாது என்று குந்தி கேட்கிறாள். மகனைத் தேடி வந்தவள் கேட்பதெல்லாம் மற்ற மகன்களின் உயிரை! அவன் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறான். பதிலுக்கு அவன் கேட்பது: நான் யார் என்று இப்போது பாண்டவர்களிடம் சொல்லக்கூடாது, போரில் நான் விழுந்தால் எல்லோரும் பார்க்க மடியில் போட்டுப் பால் கொடுத்து, மகனே என்று அழ வேண்டும்.

இதைக் கொடைவள்ளலின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மானத்துக்குப் பயந்து இத்தனை காலம் அவள் மறைத்த ரகசியத்தை, சொல்லத் துணிந்த நாளில் ‘இன்னும் மறைத்து வை’ என்கிறான். சொன்னாலும் அவனுக்குப் பயனில்லாத நேரத்தில் ஊரறியச் சொல்ல வைக்கிறான். அது தண்டனைதான். ஆனால் பால் கேட்கிறானே, அது பச்சைக் குழந்தையின் ஏக்கம். இரண்டையும் ஒரே வரத்தில் வைத்திருப்பதுதான் இந்தக் கட்டத்தின் பலம். வடமொழி வியாச பாரதத்தில் அவன், எதிரிகூடச் செய்யாத கெடுதலை நீ செய்தாய் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவான். அருச்சுனனோ நானோ, யார் செத்தாலும் உனக்கு ஐந்து மகன்கள் இருப்பார்கள் என்பான். தமிழில் அந்தக் கோபம் வரத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

குந்தியைக் கொடியவள் என்றும் நான் சொல்ல மாட்டேன். துர்வாசர் தந்த மந்திரத்தைச் சொல்லிப் பார்த்த கல்யாணமாகாத பெண் வேறு என்ன செய்திருப்பாள்? அந்தக் கலைஞர் கெஞ்சாமல், தலை நிமிராமல் நின்றே இதை உணர்த்தினார். விடியும் நேரத்தில் கர்ணன் விழுந்து, அவள் அவனை மடியில் போட்டுக் கதறியபோது அதே பாட்டியும் சேர்ந்து அழுதார்.

உங்கள் பக்கத்துக் குழுக்கள் அந்த ஆடையை மேடையிலேயே போர்த்திக் காட்டுகிறார்களா, பாட்டில் சொல்லிவிட்டுப் போகிறார்களா? பார்த்தவர்கள் எழுதுங்கள்.