வெள்ளம் வடியும் ஆற்றில் மீன் எங்கே நிற்கிறது? (அனுபவப் பகிர்வு)

செராஸ்வாசி, கோலாலம்பூர்:

நியூசிலாந்தின் தொங்காரிரோ ஆற்றில் டிரவுட் மீனுக்கு ஃபிளை (பூச்சி, சிறு மீன் போலக் கட்டிய செயற்கை இரை) தூண்டில் போடச் சென்ற பயணத்தைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த வாரம் அங்கே விடாத மழை. ஆறு பழுப்பேறி, கரையோரப் புல்லையெல்லாம் மூழ்கடித்துக்கொண்டு ஓடியது. பயணமே வீண் என்று நினைக்க வேண்டிய நேரம்தான். ஆனால் துராங்கி என்ற அந்தச் சிற்றூரில் யாருமே கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தூண்டில் கடையில் கூடியிருந்தவர்கள், மழை இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால்தான் கவலை என்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் இதுதான். தொங்காரிரோ ஆறு வடக்குத் தீவில் உள்ள தாவ்போ ஏரியில் போய்ச் சேர்கிறது. 1880களில் கலிபோர்னியாவிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ரெயின்போ டிரவுட் இனத்தின் வழிவந்த மீன்கள் அந்த ஏரியில் வளர்ந்து, குளிர்காலத்தில், அதாவது நமக்கு ஆண்டின் நடுப்பகுதியாக இருக்கும் மாதங்களில், முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறுகின்றன. ஆற்று நீர் தெளிந்து தாழ்ந்து கிடக்கும்போது அவை ஏரியின் முகத்துவாரத்திலேயே தயங்கி நிற்கும். மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்தால் கூட்டமாக ஏறும். ஆகவே அளவான வெள்ளம் அங்குள்ள தூண்டில்காரர்களுக்கு இடைஞ்சல் அன்று, அழைப்பு.

இருந்தாலும் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது எங்கள் வழிகாட்டி ஆற்றில் இறங்க விடவில்லை. ஏறும் நீரில் இலையும் சுள்ளியும் புல்லும் மிதந்து வந்து தூண்டில் நூலில் சிக்கும் என்பது ஒரு காரணம்; காலுக்கடியில் கூழாங்கற்கள் உருளும் என்பது பெரிய காரணம். நீர் இறங்கத் தொடங்கி, ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் நிற்பவருக்குத் தம் காலணியின் முனை மங்கலாகவேனும் தெரியும் வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. காத்திருந்த நேரத்தில் அவர் ஆற்றைப் பார்த்த விதத்தைத்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன். நாமெல்லாம் நடு ஆற்றைப் பார்ப்போம். அவர் நடு ஆற்றைப் பார்க்கவே இல்லை. வழக்கமாக மக்கள் நின்று தூண்டில் வீசும் இடமான கரையோரம், இப்போது நீருக்கடியில் கிடந்த புல்திட்டு, ஒரு பாறைக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழலும் மூலை ஆகியவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு ஆற்றின் வேகத்தை எதிர்த்து நிற்க மீனுக்குச் செலவாகும் சக்தி அதிகம். அங்கே கிடைக்கும் உணவு அந்தச் செலவை ஈடுகட்டாது. எனவே மீன் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே வேகம் குறைவு, கரையிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்ட மண்புழுவும் அதிகம். இதை அறியாமல் நேரே நீரில் இறங்குகிறவர், மீன் நிற்கும் இடத்தை மிதித்துக் கலக்கிவிட்டு, மீன் இல்லாத இடத்துக்குத் தூண்டிலை வீசுகிறார். நான் பிடித்த முதல் மீன், இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவானது, கரையிலிருந்து கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் நின்றிருந்தது. அதைப் பிடித்தபோது என் கால்கள் நனையவில்லை.

கலங்கிய நீரில் சிறிய, நுணுக்கமான பூச்சி உருவங்கள் பயன்படுவதில்லை. எடை கட்டிய பெரிய நிம்ப் (பூச்சியின் இளம்பருவம் போன்ற ஃபிளை) ஒன்றை முன்னால் கட்டி, அதன் பின்னால் சற்றுத் தள்ளி, மீன் முட்டை போலத் தோன்றும் ஆரஞ்சு நிற நூல் உருண்டையைக் கட்டினோம். அங்கே அதை குளோபக் என்கிறார்கள். மற்றொரு தூண்டிலில் கறுப்பு நிற ஊலி பக்கர் என்ற பெரிய ஃபிளை. கலங்கல் நீரில் வெளிர் நிறங்களைவிடக் கறுப்பின் வடிவமே மீனுக்கு நன்றாகத் தெரியும் என்பது பொதுவான அனுபவம். லீடரையும், அதாவது ஃபிளையைக் கட்டும் முனை நூலையும், குறுக்கிக்கொண்டோம். தெளிந்த நீரில் டிரவுட் காட்டும் அந்தக் கூச்சம் கலங்கலில் இருப்பதில்லை. மெல்லிய நீண்ட நூல் தேவையில்லாத சிரமம்.

பட்டர்வொர்த் தூண்டில்காரர், பினாங்கு:

செராஸ் தம்பி எழுதியதைப் படித்தபோது தெமெங்கோர் ஏரிதான் நினைவுக்கு வந்தது. பினாங்கிலிருந்து கிரீக் வழியாகப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு டிரவுட் இல்லை, செபராவ் என்ற வேட்டை மீன்தான். மேலே காட்டில் மழை பெய்த மறுநாள், ஏரியில் வந்து சேரும் ஓடைகள் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இறங்கும். ஏரி நீரோ பச்சையாகத் தெளிந்திருக்கும். இரண்டும் கலக்கும் இடத்தில் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். படகோட்டும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) அண்ணன் ஒருவர், அந்தக் கோட்டுக்குள்ளும் வீசாதே, வெளியிலும் வீசாதே, கோட்டின் மேலேயே இழு என்று சொல்லிக்கொடுத்தார். கலங்கலில் தடுமாறி வெளிப்படும் சிறு மீன்களைப் பிடிப்பதற்காக, செபராவ் தெளிந்த பக்கத்தில் ஒளிந்து நிற்கிறது. வெள்ளையும் பச்சையும் கலந்த கிளவுசர் மினோ (சிறு மீன் போன்ற ஃபிளை) ஒன்றைக் கோட்டை ஒட்டி வேகமாக இழுத்தபோது விழுந்த அடியில் கோல் கையிலிருந்து பறந்திருக்கும். டிரவுட் ஓரத்துக்குப் போகிறது, செபராவ் எல்லைக்கு வருகிறது. வெள்ளத்தில் உணவும் ஓய்வும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தைத் தேடுவதில் இரண்டும் ஒன்றுதான் போலும்.

ஆனால் ஏரி வேறு, மலையோடை வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தாவ்போ பக்கத்து ஆறு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் நம் ஓடைகளுக்குக் கிடையாது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையிலிருந்து இறங்கிய கெப்பாலா ஆயர் என்னும் திடீர் வெள்ளம், கெடாவின் யான் வட்டாரத்தில் மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் ஒன்றாக உருட்டிக்கொண்டு வந்து உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு ஜூலையில் பாலிங்கிலும் அப்படியே நடந்தது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிப்பதால் மேலே மழை இல்லை என்று பொருளாகாது.

கெடாவில் ஓர் ஓடையில் நானும் என் மைத்துனரும் தெங்காஸ் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீரின் நிறம் மாறுவதற்கு முன்பே வேறு மூன்று மாற்றங்களைக் கண்டோம். முதலில், அதுவரை தூண்டிலைத் தொடாத மீன்கள் திடீரென்று தொடர்ந்து கடித்தன. பிறகு அறவே நின்றுவிட்டன. அடுத்து, காய்ந்த இலைகள் கூட்டமாக மிதந்து வந்தன. கரையோர மணலில் உலர்ந்து கிடந்தவை அவை என்பதால், மேலே எங்கோ நீர்மட்டம் உயர்ந்துவிட்டது என்று பொருள். மூன்றாவது, ஈர மண்ணின் வாடை. மைத்துனர் ரீலைச் சுற்றக்கூட நில்லாமல் மேட்டில் ஏறச் சொன்னார். நாங்கள் ஏறிய சிறிது நேரத்தில், முன்பு நின்றிருந்த பாறை கண்ணில் படவில்லை. மீன்கள் கடித்ததைப் பார்த்து இன்னும் ஒரு வீச்சு என்று நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கடியே எச்சரிக்கை என்று இப்போது நான் எடுத்துக்கொள்கிறேன். பிறர் இதை மிகை என்று சொல்லலாம்.

ரவாங் மாறன்:

இருவரின் பதிவும் நன்று. ஆனால் வெள்ளத்தில் மீன் எப்படியும் தப்பிவிடும் என்ற தொனி இரண்டிலும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்து, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாடே பார்த்தது. உலு லங்காட்டில் மலையோடைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர் குறைவு. நான் சிறுவயது முதல் போய்வந்த ஓர் ஓடையில் ஆளுயரத்துக்கும் மேல் ஆழமிருந்த லூபூக்குகள் (ஆற்றுக் குழிகள்) மணல் நிரம்பி முழங்கால் அளவாகிவிட்டன. கரையில் நிழல் தந்த மரங்கள் வேரோடு போய்விட்டன. அதன் பிறகு பல முறை போயும் தெங்காஸ் கண்ணில் படவில்லை; கீழே லங்காட் ஆற்றுப் பக்கம் வெளியிலிருந்து வந்த இனங்களான இக்கான் பண்டாராயாவும் திலாப்பியாவும் மட்டும் குறைவில்லாமல் இருக்கின்றன. மீன் தாங்கியது என்றால், அந்த மீன் எங்கே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாம் அடிக்கடி போகும் கோலகுபு பாருவே வெள்ளத்தால் இடம் மாறிய ஊர். 1883இல் அணை உடைந்து பழைய கோலகுபு அழிந்தது. வெள்ளம் விடாமல் தொல்லை கொடுக்கவே, பிற்காலத்தில் மேட்டில் புதிய ஊரைக் கட்டினார்கள். மனிதரே இடம் பெயர வேண்டியிருந்த ஆற்றில் மீன் மட்டும் அங்கேயே நிற்குமா?

செராஸ்வாசி, கோலாலம்பூர்:

மாறன் கேட்டது நியாயமான கேள்வி. முதல் பதிவில் நான் அதைத் தொடவில்லை. இதே ஐயத்தைத் துராங்கியில் வழிகாட்டியிடமும் எழுப்பினேன். வளர்ந்த மீன் வெள்ளத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். தாங்காதவை அதன் முட்டையும் குஞ்சும், அதன் உணவும்தான் என்றார். டிரவுட் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மேலே கற்களை மூடிவிடுகிறது. அந்தக் கற்களின் இடுக்கு வழியே பிராணவாயு நிறைந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பிழைக்கும். பெருவெள்ளம் கற்களைப் புரட்டினால் முட்டை நசுங்கும், அல்லது அடித்துச் செல்லப்படும். புரட்டாமல் வண்டலை மட்டும் படியவிட்டாலும் இடுக்குகள் அடைபட்டு முட்டை மூச்சுத் திணறும். ஆகவே முட்டையிடுவதற்கு முன் வரும் வெள்ளம் மீனை ஆற்றுக்கு அழைக்கிறது. முட்டையிட்ட பின் வரும் வெள்ளம் ஒரு தலைமுறையையே துடைத்துவிடக்கூடும். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் ஹாக்ஸ் பே பகுதியில் ஆறுகளைக் கரை உடைக்க வைத்து வயல்களிலும் தோட்டங்களிலும் சேற்றை நிரப்பியபோது, அங்குள்ள தூண்டில்காரர்கள் பெரிய மீன்களைப் பற்றி மட்டுமல்ல, ஆற்றுப்படுகையைப் பற்றியும் கவலைப்பட்டார்கள் என்று அவர் சொன்னார்.

உணவின் கதையும் அப்படித்தான். மேஃபிளை, கேடிஸ் போன்ற பூச்சிகளின் இளம்பருவம் கற்களுக்கடியில் வாழ்கிறது. கற்கள் உருண்டால் அவையும் போகும். ஆனால் கிளையோடைகளிலிருந்து மிதந்து வந்தும், பறக்கும் பூச்சிகள் மீண்டும் முட்டையிட்டும், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அவை திரும்பத் தொடங்குகின்றன. டிரவுட் ஆறு மீள்வதற்கு இது பெரிய துணை.

நம் ஆறுகளில்தான் சிக்கல். கெலா மீன் பூச்சியை மட்டும் நம்பி வாழவில்லை. கரையில் நிற்கும் மரங்களின் பழத்தை நம்பி வாழ்கிறது. தமான் நெகாராவில் தாஹான் ஆற்றின் இருபுறமும் சாய்ந்து நிற்கும் நெராம் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம்மவர்கள் கெலாவுக்கு எண்ணெய்ப்பனைப் பழத்தை இரையாகக் கோப்பதும், ஃபிளை கட்டுபவர்கள் பழம் போன்ற உருண்டைகளைக் கட்டுவதும் இதனால்தான். பூச்சி சில மாதங்களில் திரும்பிவிடும். நெராம் மரம் திரும்ப ஒரு மனித வாழ்நாள் போதுமா என்பது ஐயமே. மாறன் கண்ட ஓடையில் மணல் லூபூக்கை நிரப்பியது ஓர் இழப்பு என்றால், கரை மரங்கள் போனது அதைவிடப் பெரிய இழப்பு என்பது என் கருத்து. அங்கே தெங்காஸ் காணாமல் போனதற்கு வெள்ளம் மீனைக் கொன்றது காரணமாக இருக்க வேண்டியதில்லை. மணல் நிரம்பாத மேல்பகுதிக்கு மீன் ஏறியிருக்கலாம். அப்படி எஞ்சிய சில குழிகளில் மீன்கள் நெருக்கமாக நிற்கும்போது ஒரே நாளில் நிறையப் பிடிக்க முடியும் என்பதால், அத்தகைய இடங்களின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆயர் ஈத்தாம் சரசு, பினாங்கு:

செராஸ் அண்ணா, அடுத்த ஆண்டு நானும் கணவரும் தாவ்போ போக எண்ணியிருக்கிறோம். பெலும் காட்டுப் பயணங்களில் வழுக்காமல் இருப்பதற்காக அடியில் கம்பளி ஒட்டிய காலணியை அணிகிறேன். அதையே எடுத்துச் செல்லலாமா? உரிமம் எங்கே வாங்க வேண்டும்?

செராஸ்வாசி, கோலாலம்பூர்:

எடுத்துச் செல்ல வேண்டாம், சரசு. கம்பளி அடிக் காலணிக்கு நியூசிலாந்தின் ஆறுகளில் 2008 முதல் தடை இருக்கிறது. 2004இல் தெற்குத் தீவின் ஆறுகளில் டிடிமோ என்னும் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஈரம் காயாத கம்பளி அதை ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குச் சுமந்து செல்லும். ரப்பர் அடி உள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்திய தூண்டில் பொருள்கள் எல்லாவற்றையும் ஆக்லாந்து விமான நிலையத்தில் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். அதிகாரிகள் எடுத்துப் பார்ப்பார்கள், மண் ஒட்டியிருந்தால் விட மாட்டார்கள். வீட்டிலேயே கழுவி, தொட்டால் ஈரமில்லை என்ற நிலைக்கு வந்த பிறகும் இரண்டு நாள் காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். உரிமத்தைப் பொறுத்தவரை, நாட்டின் மற்றப் பகுதிகளுக்கான மீன்பிடி உரிமம் தாவ்போ வட்டாரத்தில் செல்லாது. அதற்கென்று அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை தனியாகத் தருவதை வாங்க வேண்டும். பிடித்த டிரவுட்டை விற்பது அங்கே சட்டப்படி குற்றம் என்பதால், கடையிலும் கிடைக்காது. சமைத்துச் சாப்பிடும் ஆசை இருந்தால் நீங்களே பிடித்தாக வேண்டும்.