வள்ளத்துக்குப் போகிறவர்களுக்கு எந்த சன்ஸ்கிரீன் நிற்கும்?

குளச்சல் பக்கமிருந்து எழுதுகிறேன். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், வயது அறுபது தாண்டியாச்சு. கீழுதட்டில் வெள்ளையாக ஒரு திட்டு, தொட்டால் சொரசொரப்பு, நடுவில் சின்னப் புண், ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. கேட்டால் "உப்புக்காத்து மக்கா, தேங்கா எண்ணெ போட்டா போயிரும்" என்கிறார். வெற்றிலையும் போடுவார், அது வேறு பயம்.

கறுத்த தோலுக்கு வெயிலால் வரும் புற்றுநோய் ஆபத்து குறைவுதான், இல்லவே இல்லை என்றில்லை. அதிலும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் தொப்பி போட்டாலும் கீழிருந்து முகத்தில் அடிக்கும்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் ஓ.பி. எந்தெந்த நாள், காலையில் எத்தனை மணிக்குப் போனால் சீட்டு கிடைக்கும்? பயாப்ஸி (புண்ணிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) சொன்னால் அங்கேயே எடுப்பார்களா?

அப்புறம் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30-க்கு மேல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், தெரியும், ஆனால் கையில் எண்ணெய்ப்பசை இருந்தால் வலை வழுக்குகிறது என்று அப்பா தொடவே மாட்டார். குச்சி மாதிரி வருவதை, உதட்டுக்கான பாமை யாராவது கடலில் பயன்படுத்தியிருக்கிறீர்களா? கழுத்தையும் மூடுகிற தொப்பி நாகர்கோவிலில் எங்கே கிடைக்கும், விலையோடு சொல்லுங்கள்.