55 இன்ச் டிவி வாங்கியும் படம் மங்கலாகவே தெரிகிறது, உதவி தேவை

காசிமேட்டுப் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வரை எங்கள் வீட்டில் ஓடியது அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவிதான். நைனாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து செய்தியில் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முடியவில்லை. அதற்காகவே சீட்டு எடுத்த பணத்தில் 55 இன்ச் 4கே டிவி வாங்கினேன். பெரிய டிவிக்கான வரி 2025 செப்டம்பர் 22-ல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறையும் வரை பொறுத்திருந்துதான் வாங்கினேன்.

இப்போது எழுத்து பெரிசாக இருக்கிறது, ஆனால் ஓரமெல்லாம் பிசிறு. சீரியலில் எல்லோர் முகமும் அகலமாகத் தெரிகிறது, நெற்றிப் பொட்டு முட்டை மாதிரி நீள்கிறது. "பழசே நல்லா இருந்துச்சு" என்கிறார் ஆயா. கடையில் கேட்டால் பெரிய டிவி என்றால் அப்படித்தான் என்கிறார்கள். மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. இன்னொன்று, பின்னால் கேபிளைச் செருகும்போது விரலில் சுருக்கென்று அடித்தது.

வண்ணாரப்பேட்டை 21:
தங்கச்சி, டிவியில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு எந்த ஒயர் வருகிறது? மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள ஏ.வி. ஒயரா? பாக்ஸின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் எச்.டி., அதாவது கூடுதல் தெளிவுள்ள படம் தரும் பாக்ஸ் என்று போட்டிருக்கிறதா?

காசிமேட்டுப் பொண்ணு:
ஆமாம் அண்ணா, பழைய டிவியில் இருந்த அதே மூன்று முனை ஒயர்தான். ஸ்டிக்கரில் எச்.டி. என்றுதான் இருக்கிறது!

வண்ணாரப்பேட்டை 21:
அப்போ விஷயம் அங்கேதான். அந்த ஒயர் பழைய தரத்துப் படத்தை மட்டும்தான் கடத்தும். அதில் 720-க்கு 576 புள்ளி. உங்கள் திரையில் 3840-க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக 20 மடங்கு வருகிறது. ஒரு புள்ளியை இருபதாக இழுத்துப் பரப்பினால் பிசிறு தெரியாமல் என்ன செய்யும்? 14 இன்ச்சில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தது. ஆயா சொன்னது தப்பே இல்லை.

எச்.டி. படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியிலேயே கிடந்தாலும் கிடக்கும். அப்புறம் பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் அகல-உயர விகிதம் பழைய டிவிக்கான 4:3 என்றிருப்பதை அகலத் திரைக்கான 16:9 ஆக்குங்கள், முகம் சரியாகிவிடும். அங்கேயே 576 என்று இருந்தால் 1080-க்கு மாற்றுங்கள். சன் டிவி எச்.டி., கே டிவி எச்.டி. எல்லாம் தனிச் சேனல்கள். கேபிள்காரரிடம் எச்.டி. சேனல் பேக் கேட்டால்தான் வரும்.

வயர்மேன் கொருக்குப்பேட்டை:
படத்தை விடுங்கம்மா, முதலில் அந்தச் சுருக்கைப் பாருங்கள். கேபிள் எதைத் தொட்டாலும் பாக்ஸ், டிவி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. லேசான சுருக்கு பாக்ஸின் அடாப்டர் கசிவாக இருக்கலாம். தெருவிலிருந்து வரும் கேபிளிலேயே கரண்ட் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. அது ஆபத்து, கேபிள்காரரை வரவழைத்துக் காட்டுங்கள்.

நம்ம பக்கத்துப் பழைய வாடகை வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இருந்தாலும் கடல் காற்றில் அந்த ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரிலிருந்து எர்த்துக்கு ஒயர் இழுத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

சுவரில் மாட்டினீர்களா? பூச்சு உதிர்கிற சுவர் என்றால் மேசையிலேயே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றி வையுங்கள். இடி அந்த வழியாகவும் இறங்கும்.

பெரம்பூர் அக்கா:
ஒன்று விட்டுப்போச்சு. தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை பழைய தரத்தில்தான் கேபிளில் வருகின்றன. எச்.டி.எம்.ஐ. போட்டாலும் ஓரளவுதான் தெளியும். அதே சேனல்கள் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன, அங்கே எழுத்து கூர்மையாகத் தெரியும். உங்கள் நைனாவுக்கு அதைப் போட்டுக் கொடும்மா. நெட் திக்கினால் ரூட்டரிலிருந்து லேன் ஒயர் இழுத்துவிடு. நெருக்கமான வீடுகளில் வைஃபை ஒன்றையொன்று இடிக்கும். டிவி செட்டிங்கில் படத்தின் ஓரத்தைக் கூராக்கும் ஷார்ப்னஸையும் குறைத்து வை. கூட்டினால் பிசிறும் சேர்ந்து கூடும்.

காசிமேட்டுப் பொண்ணு:
எச்.டி.எம்.ஐ. ஒயர் அட்டைப்பெட்டியில் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது! எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு மாட்டினேன். 16:9 ஆக்கினேன், பொட்டு வட்டமாகிவிட்டது. கேபிள்காரர் வந்து பார்த்தார். ஒயரில் கரண்ட் இல்லை, அடாப்டர் கசிவுதான் என்று வேறு கொடுத்தார். எர்த் பார்க்க ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார்.

நேற்று ராத்திரி யூடியூபில் செய்தி போட்டுக் கொடுத்தேன். நைனா கட்டிலில் உட்கார்ந்தபடியே கீழே ஓடின வரியை ஆயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி.