'டீஅஃபரன்டேஷன்': ஊறிழப்பா, வரத்திழப்பா?

பாடநூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொடுவுணர்வை இழந்தபின் மூளை உடலசைவை ஆளும் முறை எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் இயலில் 'டீஅஃபரன்டேஷன்' (உடலிலிருந்து மூளைக்கு வரும் உணர்வுச் செய்தி அறுபடுதல்) என்னும் சொல் மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. 'உணர்விழப்பு' என்றால் மயக்கம் என்று கொள்வார்கள். 'உணர்ச்சியின்மை' கல்நெஞ்சத்தைக் குறித்துவிடும்.

தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, 'ஊறிழப்பு' என்பதே தக்கது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்னும் வைப்பில் தொடுபுலனுக்கு உரிய பெயர் ஊறு. கெடு கேடானதுபோல் உறு ஊறாயிற்று. ஓரறிவுயிர்க்கும் உள்ள முதல் அறிவாகத் தொல்காப்பியர் 'உற்றறிவதுவே' என்று வைத்ததும் இதே வேரிலிருந்துதான். ஊறு என்றதும் தீங்கு மட்டுமே இன்று நினைவுக்கு வருகிறது என்பதற்காக ஒரு பழஞ்சொல்லைக் கைவிடலாகாது.

இயன்முறை மருத்துவ ஆசிரியை எழுதியது:

ஐயா, சொல் அழகானது. ஆனால் பொருள் போதவில்லை. இங்கே அறுபடுவது தொடுவுணர்வு மட்டுமன்று, கைகால் எங்கே எப்படி இருக்கிறது என்று தசையும் மூட்டும் அனுப்பும் செய்தியுமாகும். 1971இல், 19ஆம் வயதில், இங்கிலாந்தின் இயன் வாட்டர்மன் இவ்விரண்டையும் கழுத்துக்குக் கீழே முழுவதுமாக இழந்தார். வலியும் சூடும் குளிரும் தெரிந்தன. தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்புகளும் பழுதின்றி இருந்தன. இருந்தும் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் முன்னதாக எண்ணி, கண்ணால் கண்காணித்து, நெடுநாள் முயன்று அவர் நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் நிலைகுலைந்து விழுவார். நம் வகுப்பறைக்கு அருகிலேயே இதன் சிறு வடிவத்தைப் பார்க்கிறோம்: நீரிழிவால் கால் மரத்தவர் செருப்புக் கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிடுகிறார், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார்.

1895இல் மோட், ஷெரிங்டன் என்னும் ஆய்வாளர்கள் குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வு கொண்டுவரும் நரம்பு வேர்களை மட்டும் அறுத்தபோது, அது அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. பிற்காலத்தில் உளவியலாளர் எட்வர்ட் டாப் நல்ல கையைக் கட்டிவைத்ததும் குரங்கு உணர்வற்ற கையால் வேலை செய்தது. பக்கவாத நோயாளிகளுக்கான ஒரு பயிற்சி முறையே அதிலிருந்து பிறந்தது. இத்தகைய குரங்குகளின் மூளையில் கைக்குரிய பரப்பு முகத்திலிருந்து வரும் உணர்வுகளுக்கு இடமாகிவிட்டதை 1991இல் கண்டனர். ஆகவே மூளைக்கு வரும் செய்தி நின்றுபோவதைச் சொல் காட்ட வேண்டும். அணைக்கு நீர்வரத்து என்கிறோமே, அதுபோல் 'உணர்வு வரத்திழப்பு' எனலாம். உள்வரும் நரம்பு வரத்து நரம்பு, வெளிச்செல்வது போக்கு நரம்பு என்று இணைச்சொற்களும் கிடைக்கின்றன.

தமிழாசிரியர்:

அம்மையீர், போக்கும் வரத்தும் நல்ல தமிழே, மறுக்கவில்லை. ஆயினும் 'உணர்வு வரத்திழப்பு' சொல்லன்று, விளக்கம். பன்மைச் சொல்லாகவும் பெயரடையாகவும் அதை எப்படி வளைப்பீர்கள்? 'உறல்வரத்து' என்றேனும் சுருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:

எழுதிய அறுவரில் நால்வர் 'வரத்திழப்பு' என்கிறார்கள். அதையே நூலில் இடுகிறேன். தொடுவுணர்வு மட்டும் போன நிலைக்கு 'ஊறிழப்பு' பின்னிணைப்பில் வரும். 'உறல்வரத்து' என்று சுருக்கச் சொன்ன தமிழாசிரியர் ஐயா இதற்கு இன்னும் இணங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.