நாயின் சிறுநீரால் கருகும் புல்தரை: மாத்திரை தீர்வாகுமா?

கானாடுகாத்தான் வாசகர்:
எங்கள் வீட்டு முகப்புக்கு எதிரே இட்ட கொரியன் புல்தரையில் வட்ட வட்டமாகக் கருகல் விழுகிறது. நாயின் சிறுநீரிலுள்ள அமிலமே காரணம் என்பதால், அதை முறிக்கும் மாத்திரையை உணவில் கலந்து கொடுத்து, தரையில் ஜிப்சம் தூவுவதே நிலையான வழி என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்துடன் எழுதுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, புல்லைச் சுடுவது அமிலமன்று. யூரியாவாக வெளியேறும் நைட்ரஜனும் அதனுடன் சேர்ந்த உப்புகளும்தான். கருகிய திட்டைச் சுற்றி அடர்பச்சை வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் அளவு மிஞ்சிப்போய்க் கருக்கிய அதே நைட்ரஜன்தான், ஓரத்தில் குறைவாகப் பரவியதால் உரமாகிப் புல்லைச் செழிக்க வைத்திருக்கிறது. ஜிப்சம் களர் நிலத்துச் சோடியத்தை நீக்க உதவுமே தவிர, இதற்குப் பயன்படாது. எனக்கு உண்மையான கவலை மாத்திரையைப் பற்றியதுதான். சிறுநீரின் அமில, காரத் தன்மையைத் தேவையின்றி மாற்றினால் நாயின் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். புல்லுக்காக ஒரு வாயில்லா உயிரை நோகவைப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை.

கானாடுகாத்தான் வாசகர்:
பச்சை வளையம் இருப்பது உண்மைதான், ஆச்சி. ஆனால் மாத்திரை வேண்டாம் என்றால் மிஞ்சுவது தண்ணீர் ஊற்றுவது மட்டுமே. ஊருணி வற்றி, ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் சித்திரை வைகாசியில், புல்தரைக்கு அவ்வளவு நீரைக் கொட்டச் சொல்வது நியாயமா? அதைவிடக் கருகாத புல்லை இடலாமே. ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் ஆகியவை தாங்கும் என்று படித்தேன்.

தேவகோட்டைத் தோட்டக்காரர்:
அவை குளிர்நாட்டுப் புற்கள். நம் வெயிலில் நிலைக்கமாட்டா. அருகம்புல்லும் கருகத்தான் செய்யும் என்றாலும், ஓடுதண்டு விட்டு வெற்றிடத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

கோட்டையூர் ஆச்சி:
புல்தரை முழுவதையும் நனைக்கச் சொல்லவில்லை, தம்பி. நாய் சிறுநீர் கழித்த இடத்தில் மட்டும், அதைப்போல் மூன்று மடங்கு நீரைச் சில மணி நேரத்துக்குள் ஊற்றினால் போதும்; பெரும்பாலும் ஓரிரு செம்பில் முடிந்துவிடும். பெட்டை நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் கழிப்பதால்தான் அங்கே செறிவு கூடுகிறது. அதைவிட நல்ல வழி, தெருவுக்குத் தெரு நீளும் நம் வீடுகளில் பின்வாசல் பக்கம் மணல் பரப்பிய ஒரு மூலையைப் பழக்குவது. இரவெல்லாம் அடக்கிவைத்த முதல் சிறுநீரே மிகவும் செறிவானது என்பதால், விடிந்ததும் அங்கேதான் அழைத்துச் செல்ல வேண்டும். புல்தரைக்கு யூரியா இடும் வழக்கமிருந்தால் குறைத்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்:
மூலையைப் பழக்குவதை ஏற்கிறேன். மாத்திரையையும் மருத்துவர் சொன்னாலன்றிக் கொடுக்கமாட்டேன். ஆனால் செம்புக் கணக்கானாலும் கோடையில் புல்லுக்கு நீர் என்பதை நான் ஏற்பதற்கில்லை. முகப்பில் பாதியைச் சரளையாக மாற்றுவதே நம் ஊருக்குப் பொருந்தும் என்பேன்.

தேவகோட்டைத் தோட்டக்காரர்:
அப்படியானால் மீதிப் பாதியில் செத்த திட்டுகளின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுமண் இட்டு, ஐப்பசி மழை தொடங்கியதும் அருகந்தண்டு ஊன்றுங்கள்.